எபாக்சி அடைத்த கிட்டாரில் எண்ணெய் ஏன் காயவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். வீட்டிலேயே செய்த அக்கூஸ்டிக் கிட்டார். பின்பலகையும் பக்கப் பட்டைகளும் வாகை, கழுத்து மஹாகனி, மேற்பலகை ஸ்ப்ரூஸ். வாகையின் துளைகளை எபாக்சியால் இரண்டு முறை அடைத்து, 320 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அதன்மேல் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய், பூசியிருக்கிறீர்கள். ஊர் அம்பாசமுத்திரம், மாதம் ஜூலை. ஆறு நாளாகியும் சில இடம் பளபளவென்று இருந்து கைவிரல் ஒட்டுகிறது, சில இடம் மங்கிக் காய்ந்து கிடக்கிறது. எந்த எண்ணெய்க்கு மாற வேண்டும் என்று கேட்கிறீர்கள். ஒரு எண்ணெயின் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் இதற்கு அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது: மரத்துக்குள் இறங்குவதற்கென்றே உள்ள ஒரு பொருளை, எதையும் உள்ளே விடாத ஒன்றின்மேல் பூசினால் அது எப்படி நிற்கும்? அதற்குப் பதில் தெரிந்தால் எண்ணெயின் பெயர் தானாக வந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுகிறது. வெறும் மரத்தில் பூசினால் நார்களுக்குள் கொஞ்சம் இறங்கும், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுவோம், மேலே நிற்பது மிக மெல்லிய படலம்தான். எபாக்சி இறுகியபின் அது ஒரு பிளாஸ்டிக். எண்ணெய்க்கு உள்ளே போக வழியே கிடையாது, பூசியதெல்லாம் மேலேயே நிற்கும். மரத்தில் பூசுகிற கைப்பழக்கத்தில் பூசினால் படலம் தடித்துவிடும். மேல்தோல் முதலில் ஆக்சிஜனை எடுத்து இறுகி மூடிக்கொள்ள, அடியில் இருப்பது காற்றில்லாமல் அல்வாப் பதத்திலேயே நிற்கும். உங்கள் விரல் ஒட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன், வேறு இரண்டு காரணங்களும் உண்டு. அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

மங்கிய இடங்களின் கதை நேர்மாறானது. அங்கே நீங்கள் எபாக்சியைத் தாண்டி மரம் வரைக்கும் தேய்த்துவிட்டீர்கள். மரம் எண்ணெயைக் குடித்துவிட்டது, அதனால் காய்ந்தது, பளபளப்பும் இல்லை. ஆக ஒரே பலகையில் பிளாஸ்டிக் தீவுகளும் மரத் தீவுகளும் மாறி மாறிக் கிடக்கின்றன. எந்த எண்ணெயைக் கொண்டு வந்தாலும் இந்த இரண்டின்மேல் ஒரேபோல் நிற்காது. வாகையில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். அதன் ரேகை பின்னல் ரேகை, ஒரு பட்டையில் நார் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அடுத்த பட்டையில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். நார் நுனி மேல்நோக்கி நிற்கும் பட்டைகளில் எபாக்சி ஆழமாக இறங்கும், படுத்திருக்கும் பட்டைகளில் மேலோடு நிற்கும். ஆகவே, மரம் வரைக்கும் தேய்த்து எபாக்சியைத் துளைகளில் மட்டும் நிறுத்திவிட்டால் எண்ணெய் ஒழுங்காக இறங்கும் என்று பலர் சொல்லும் வழி காகிதத்தில் சரி, வாகையில் சரிவராது. நேர்நாருள்ள மஹாகனியில்கூட அது கைதேர்ந்தவர் வேலை.

எந்த இடம் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எண்ணெயை எடுத்தபின் விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். எபாக்சி இருக்கும் இடத்தில் சொட்டு அப்படியே நிற்கும், துடைத்தால் தடம் இருக்காது. மரம் திறந்திருக்கும் இடத்தில் அரை நிமிடத்தில் கறுத்து இறங்கும். பென்சிலால் அந்த இடங்களை வட்டமிட்டு வையுங்கள்.

இப்போது அந்த வேறு இரண்டு காரணங்கள். ஒன்று, எபாக்சியே முழுதாக இறுகாமல் இருப்பது. இன்னொன்று, எபாக்சியின் மேல் படியும் மெழுகு போன்ற ஒரு படலம். எபாக்சிப் பிசினை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து கார்பமேட் என்ற உப்பாக மேலே வரும். தொட்டால் வழவழவென்று, எண்ணெய் தடவிய தட்டுப் போலிருக்கும். சாரல் காலத்தில் பொதிகை அடிவாரத்து ஊர்களில் பகல் முழுக்க வானம் மூடி, துவைத்த துணி இரண்டு நாளாகியும் காயாமல் கிடக்குமே, அந்த ஈரம்தான் இதற்கு வேண்டியது. இந்தப் படலத்தைத் துடைக்காமல் மேலே எது பூசினாலும் பிடிக்காது. தின்னரில் இது கரையாது, தண்ணீரில்தான் கரையும். பலர் தின்னரால் துடைத்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது இங்கேதான் தவறுகிறது. துடைக்காமல் தேய்த்தாலோ உப்புத்தாள் அதை உருட்டி உருட்டி மேலும் பரப்பிவிடும்.

மூன்றில் உங்களுடையது எது என்று எழுத்தை வைத்து மட்டும் நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் வரிசையாகப் பார்த்தால் தெரிந்துவிடும். மினரல் டர்பன்டைன், பெயிண்ட் கடையில் எம்.டி.ஓ. என்று கேட்டால் கொடுப்பார்கள், அதை வெள்ளைத் துணியில் நனைத்து ஒட்டும் இடத்தைத் துடையுங்கள். மஞ்சளாகத் துணியில் வந்து, அடியில் கெட்டியான வழவழப்பில்லாத பரப்புத் தெரிந்தால் தடித்த எண்ணெய்தான் குற்றவாளி. எண்ணெய் போன பிறகும் வழவழத்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பச்சை ஸ்கிரப்பரால் தேய்த்துப் பாருங்கள். அதில் போய்விட்டால் அமீன் படலம். அதற்கும் அசையாமல், கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் பதிந்தால் எபாக்சி இறுகவில்லை. இன்னொரு அடையாளம்: இறுகிய எபாக்சியை 320 நம்பர் தாளில் தேய்த்தால் மாவு போல வெள்ளைத் தூள் பறக்கும். இறுகாததில் தாளில் சின்னச் சின்ன உருண்டைகளாக அடைத்துக்கொள்ளும்.

எபாக்சி இறுகாமல் போவதற்கு முதல் காரணம் அளவுப் பிழை. பெயிண்டில் தின்னர் கூடினால் ஒன்றும் குடிமுழுகாது. எபாக்சி அப்படியல்ல, பிசினும் ஹார்டனரும் ஒன்றுக்கொன்று எண்ணிக் கோத்துக்கொள்பவை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால், ஜோடி கிடைக்காத அமீன் உள்ளேயே திரவமாக நிற்கும். அது ஒருநாளும் இறுகாது, மேலே பூசும் எண்ணெயையும் கெடுக்கும். டப்பாவில் 2:1 என்று போட்டிருந்தால் அது கன அளவா எடையா என்று பாருங்கள். ஹார்டனர் பொதுவாக இலேசானது, ஆகவே இரண்டும் ஒன்றல்ல. கிட்டாருக்கு ஒருமுறைக்குக் கலப்பது 15 மில்லி அளவுதான். இந்தச் சிறிய அளவுக்குச் சமையல் தராசு போதாது, நகைக்கடைத் தராசு போல 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். இரண்டு நிமிடம், பாத்திரத்தின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்குங்கள். பிறகு வேறொரு பாத்திரத்துக்கு மாற்றி இன்னும் ஒரு நிமிடம். ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பதுதான் பலகையில் ஓரிடம் மட்டும் பிசுபிசுப்பதற்குக் காரணமாகிறது.

எந்த எபாக்சி என்று நீங்கள் எழுதவில்லை. பசை வேலைக்கான கெட்டி அரால்டைட் இதற்கு ஆகாது, அது துளைக்குள் இறங்காமல் மேலேயே நிற்கும். ஐந்து நிமிட எபாக்சியும் ஆகாது, துளையை அடைவதற்குள் இறுகத் தொடங்கிவிடும். பதநீர் காய்ச்சும்போது கருப்பட்டிக்கு முந்திய கூப்பனிப் பதம் வருமே, அந்த அளவு ஓட்டமுள்ள ஃபினிஷிங் ரெசினோ லாமினேட்டிங் ரெசினோதான் வேண்டும். கிட்டார் செய்பவர்கள் வெளிநாட்டில் அதிகம் பயன்படுத்துவது இசட்-பாக்சி ஃபினிஷிங் ரெசின், அது கன அளவில் 1:1. இங்கே கிடைக்கும் ரெசின் ஆர்ட் வகையும் வேலைக்கு ஆகும், இறுக அதிக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

நெல்லைச் சீமையின் பருவம் இதில் நன்றாகவே விளையாடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் எபாக்சி இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 25 டிகிரியில் அரைமணி நேரம் வேலை செய்யலாம் என்று டப்பாவில் எழுதியிருந்தால், பாளையங்கோட்டையில் மே மாத மதியத்தில் கால்மணிக்கும் குறைவுதான். குவளையில் குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே இன்னும் விரைவாகப் பொங்கி இறுகும். கலந்தவுடன் அகலமான தட்டிலோ நேராகப் பலகையிலோ ஊற்றிவிடுங்கள். மரம் சூடாகிக்கொண்டிருக்கும் காலை நேரத்தில் பூசினால் துளைக்குள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழாக மேலே வரும். சூடு இறங்கும் நேரத்தில் பூசினால் காற்றுச் சுருங்கி எபாக்சியை உள்ளே இழுக்கும். ஆனால் இரவு ஈரத்தில் அமீன் படலம் வரும். இரண்டுக்கும் நடுவே, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குப் பூசி, ஈரம் இறங்குவதற்குள் கைக்கு ஒட்டாத அளவு இறுக விடுவதே இந்த ஊருக்குப் பொருந்தும். சாரல் மாதங்களிலும் ஐப்பசி அடைமழையிலும் கதவைச் சாத்திய சின்ன அறையில் பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்தாலே அறையின் ஈரப்பதம் குறையும். பல்பைப் பலகைக்கு அருகே வைக்க வேண்டாம். ஒருபக்கம் மட்டும் சூடேறினால் பின்பலகை வளையும்.

சரிசெய்வதற்கு வருவோம். எபாக்சியை அடியோடு எடுக்க வேண்டியதில்லை. துளைக்குள் இறுகியதை எடுக்கவும் முடியாது. முதலில் எம்.டி.ஓ. துணியால் எண்ணெய் முழுவதையும் எடுங்கள், துணியில் மஞ்சள் வராத வரைக்கும். தோல் கட்டிய இடங்களில் கூர்மையான ஸ்கிரேப்பரைப் படுக்கவைத்து இழுங்கள். ஒரு நாள் காயவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த ஸ்கிரப்பரால் தேய்த்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். நனைத்து ஊறவிடக் கூடாது. ஒலித்துளைப் பக்கமும் ஸ்ப்ரூஸ் பக்கமும் தண்ணீர் போகவே கூடாது, அந்த ஓரங்களைப் பேப்பர் டேப்பால் மூடிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்து 220 நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி, ரேகையோடு லேசாக ஒரு சுற்று. கையில் வெறும் தாளைப் பிடித்துத் தேய்த்தால் விரல் அழுத்தும் இடமெல்லாம் பள்ளமாகும். முதல்முறை நீங்கள் மரம் வரைக்கும் போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். நகத்தடம் பதிகிற இறுகாத இடம் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். அதன்மேல் எதைப் பூசினாலும் மணல்மேல் சுவர்தான்.

துளைகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா என்று சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அரைகுறையாக நிரம்பிய துளையில் தேய்த்த தூள் போய் உட்கார்ந்து, எண்ணெய் பட்டதும் சுண்ணாம்புப் புள்ளி மாதிரித் தெரியும். பழைய பல்துலக்கும் பிரஷால் ரேகையோடு கிளறி, வேக்குவம் வைத்து எடுங்கள். பிறகு 10 மில்லி எபாக்சி கலந்து, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் ரேகைக்குக் குறுக்காக, 45 டிகிரி சாய்த்து அழுத்தி இழுத்து, மிச்சத்தை வழித்து எடுத்துவிடுங்கள். லப்பம் இழுப்பது மாதிரியேதான், ஆனால் லப்பத்தைப் போல மேலே விடக்கூடாது. மறுநாள் 320 கொண்டு கட்டையில் தேய்த்து, மறுபடி தண்ணீர்ச் சொட்டு. இப்போதும் மரம் திறந்த இடங்கள் நிச்சயம் இருக்கும், அதுபற்றிக் கவலை வேண்டாம். கடைசி அடுக்கு அதற்காகத்தான்.

அந்தக் கடைசி அடுக்கு ஒரு கழுவல். முறையாகக் கலந்த எபாக்சி 8 மில்லியில் 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 2 மில்லி சேர்த்து, நார் உதிராத துணியால் பலகை முழுவதும் தேய்த்து, உடனே வேறு துணியால் துடைத்து எடுப்பது. கரைப்பான் சேர்ந்தால் எபாக்சி பலவீனப்படும் என்பது உண்மை, அதனால் துளை அடைப்பதற்கு இதைச் செய்யக்கூடாது. இங்கே வேண்டியது பலமல்ல, பலகை முழுக்க ஒரே நிறமும் ஒரே மூடலும். டிரெட்நாட் என்ற பெரிய உடல் வகைக் கிட்டாரின் பின்பலகையும் பக்கங்களும் சேர்ந்து சுமார் 3,300 சதுர சென்டிமீட்டர் வரும். 10 மில்லி முழுவதும் சீராகத் தங்கினாலே 30 மைக்ரான்தான், தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லை. துடைத்தபின் இருப்பது அதிலும் குறைவு. ஆகவே இதன்பின் தேய்ப்பது கனமாக இருக்கவே கூடாது: ஒரு வாரம் இறுக விட்டு, மறுபடி தண்ணீரால் துடைத்து, 400 நம்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும். இடுப்பு வளைவிலும், பைண்டிங் என்ற விளிம்புப் பட்டை ஓரத்திலும் தாளை இரண்டு முறைக்கு மேல் இழுக்காதீர்கள், முதலில் மரம் வெளியே வருவது அங்கேதான்.

இனி எண்ணெய். அடுக்களை எண்ணெய்களைப் பற்றியும் பலர் கேட்பதால் சொல்லிவிடுகிறேன்: தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், நல்லெண்ணெய், புன்னை எண்ணெய் எதுவும் இதற்கு ஆகாது. முதல் இரண்டும் எத்தனை வருடமானாலும் இறுகாது, மற்றவை அரைகுறை. இறுகுவது ஆளிவிதையும் டங் எண்ணெயும். ஆனால் எபாக்சியின்மேல் இவை இரண்டும் தனியாகப் போதாது. படலம் மென்மையாக இருக்கும், நகம் பட்டால் கோடு விழும், சட்டை பட்டன் உரசினால் தேயும். டபுள் பாயில்டு என்பதும் பெயரளவில்தான். இன்று கடையில் விற்பது பெரும்பாலும் காய்ச்சியதல்ல, சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்தது. உங்களுக்கு வேண்டியது தானே படலமாக நிற்கும் எண்ணெய், அதாவது எண்ணெயோடு வார்னிஷ் குணமும் உள்ளது. துப்பாக்கிக் கட்டைகளுக்கென்று வந்து கிட்டார்க்காரர்கள் எடுத்துக்கொண்ட ட்ரூ-ஆயில் அப்படிப்பட்டது. கிடைக்காவிட்டால் நீங்களே கலக்கலாம்: எண்ணெய் அடிப்படையிலான தெளிந்த வார்னிஷ் அல்லது ஒற்றை டப்பா பாலியூரத்தேன் 2 பங்கு, எம்.டி.ஓ. 2 பங்கு, டபுள் பாயில்டு லின்சீட் அரைப் பங்கு. டேனிஷ் ஆயில் என்று வீட்டில் கலப்பவர்கள் மூன்றையும் சமமாக ஊற்றுவார்கள். அது வெறும் மரத்துக்கு நல்லது, எபாக்சிமேல் எண்ணெய் அதிகம். லின்சீட்டை அறவே விட்டுவிட்டாலும் நஷ்டமில்லை, அந்த மஞ்சள் கலந்த ஆழத்தை எபாக்சியே கொடுத்துவிட்டது.

இங்கே ஒரு சந்தேகப் புள்ளி உண்டு. சில ஹார்டனர்களின் மிச்ச அமீன், எண்ணெயிலுள்ள கோபால்ட், மாங்கனீஸ் உலர்த்திகளோடு சேர்ந்து அவற்றை முடக்குகிறது என்பது படகு கட்டுபவர்களிடையே நன்கு தெரிந்த விஷயம். எல்லா ஹார்டனரும் எல்லா வார்னிஷும் அப்படிச் செய்வதில்லை, டப்பாவைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. ஆகவே கிட்டாரில் கைவைக்குமுன் ஒரு வாகைத் துண்டில் அதே எபாக்சி, அதே கழுவல், அதே எண்ணெய் என்று போட்டு மூன்று நாள் வையுங்கள். நகத்துக்கு அசையாமல் காய்ந்தால் தைரியமாக இறங்கலாம். காயாவிட்டால் நடுவே அவலரக்கு (ஷெல்லாக் ஃபிளேக்ஸ்) ஒரு அடுக்கு போட்டுத் தடுக்க வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரருக்கு அரக்கைப் பற்றி நான் சொல்வது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான், சொப்புச் சாமான் கடைசலில் அரக்குக் கட்டியைச் சுழலும் மரத்தில் அழுத்தி நிறம் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். இது அதே அரக்கு, ஆனால் மெழுகு நீக்கிய அவலாகக் கரைத்துப் பூசுவது. 99 சதவீத ஆல்கஹால் 250 மில்லியில் 30 கிராம், ஒருநாள் ஊறவிட்டு, அடியில் தங்கும் கலங்கலை விட்டுத் தெளிவை மட்டும் எடுத்து, துணிப்பந்தால் இரண்டு முறை இழுத்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் எண்ணெய் பூசலாம்.

பூசும் விதத்தில்தான் பலரும் கெடுக்கிறார்கள். பழைய பனியன் துணியை நான்காக மடித்து, ஏழெட்டுச் சொட்டு வைத்து, உள்ளங்கையகல இடத்தைத் தேய்த்து, அடுத்த இடத்துக்குப் போங்கள். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 4 மில்லிக்கு மேல் போனால் அதிகம். பூசிய பிறகு ஈரமாகத் தெரியலாம், விரலால் தொட்டால் விரல் நனையக்கூடாது. நாளைக்கு ஒரு சுற்று, சாரலில் இரண்டு நாளைக்கு ஒன்று. மூன்று சுற்றுக்கு ஒருமுறை 600 நம்பரால் தூசிப் புள்ளிகளை எடுங்கள். எட்டுச் சுற்று போதும், பத்துக்கு மேல் வேண்டாம். கடைசிச் சுற்றுக்குப்பின் மூன்று வாரம் தொங்கவிட்டு, பிறகு 1000, 1500 என்று மெருகேற்றலாம். இங்கே ஒரு எச்சரிக்கை: அரக்கில் புது அடுக்கு பழையதைக் கரைத்து ஒன்றாகிவிடும். எண்ணெய் வார்னிஷில் அப்படி ஆகாது, ஒவ்வொன்றும் தனித் தாளாகவே நிற்கும். மெருகேற்றும்போது மேல் தாளைத் தாண்டிவிட்டால் அடித்தாளின் விளிம்பு தேசப்படக் கோடு மாதிரித் தெரியும். அதை மறைக்க மெருகேற்றி ஆகாது, இன்னொரு சுற்று பூசித்தான் ஆக வேண்டும்.

எபாக்சி போகக்கூடாத இடங்கள் இருக்கின்றன. ஸ்ப்ரூஸ் மேற்பலகையில் அடைக்க வேண்டிய துளையே இல்லை, அங்கே எபாக்சி வீண் எடை. மேற்பலகைக்கு அரக்கு அடியில், மேலே உங்கள் எண்ணெய். பிரிட்ஜ், அதாவது மேற்பலகையில் தந்திகளைத் தாங்கும் கட்டை, ஒட்டும் இடம் எண்ணெயோ அரக்கோ எதுவுமில்லாத வெறும் மரமாக இருக்க வேண்டும். பிரிட்ஜின் வடிவத்தில் டேப் ஒட்டிவிட்டுப் பூசத் தொடங்குங்கள். கழுத்தில் நீங்கள் இன்னும் எபாக்சி போடவில்லையென்றால் போடாதீர்கள் என்பது என் கட்சி. மஹாகனிக் கழுத்தில் வெறும் எண்ணெயும் துடைப்பும் கொடுக்கும் வழுக்கலை, கை வியர்க்கும் ஊரில், எந்தப் பளபளப்பும் கொடுக்காது. வருடத்துக்கு ஒருமுறை துடைத்து மறுபடி பூசிக்கொள்ளலாம்.

அடுத்த கிட்டாருக்கு ஈட்டி மரம் எடுத்தால் கணக்கு மாறும். ஈட்டியில் எண்ணெய் இறுகுவதைத் தடுக்கும் இயற்கைப் பொருள்கள் உண்டு, வெறும் ஈட்டியில் லின்சீட் வாரக்கணக்கில் ஈரமாகவே நிற்கலாம். அங்கே எபாக்சி தடுப்புச் சுவராகி எண்ணெய்க்கு உதவியே செய்கிறது. பூசுமுன் அசிட்டோனால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். வாகையிலும் மஹாகனியிலும் மரத்தைத் தொடுகிற உணர்வுதான் வேண்டுமென்றால் எபாக்சியை விட்டுவிட்டு, எண்ணெய் ஈரத்திலேயே 400 நம்பர் வாட்டர் பேப்பரால் வட்டமாகத் தேய்த்து, வரும் சேற்றைத் துளையில் அழுத்தி விடுங்கள். நாலைந்து முறை செய்தால் கண்ணாடி போல் ஆகாது, ஆனால் துளை வாய் மூடிவிடும், எல்லாம் ஒரே எண்ணெய் என்பதால் திட்டுக் கிடையாது.

ஒலி என்னவாகும் என்றும் கேட்டிருந்தீர்கள். தடித்த பூச்சு எடை கூட்டும், எடை கூடினால் பலகையின் அசைவு குறையும், இதில் சந்தேகமில்லை. பின்பலகையில் தேய்த்துக் கழித்தபின் தங்கும் சில கிராம் எபாக்சியைக் காது பிடிக்குமா என்பதில் கிட்டார் செய்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்துக் கிடையாது. மேற்பலகையை மெல்லிதாக வைத்துக்கொண்டால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். அதைவிடக் கவலைப்பட வேண்டியது வெயில். அறைச் சூட்டில் இறுகிய எபாக்சி பலவும் 50, 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு எளிதில் வரும். இளகி மறுபடி இறுகும்போது துளைகளின் தடம் மேலே தெரிய ஆரம்பிக்கும், அதற்குமுன் பிரிட்ஜ் பசையே விட்டாலும் விடும்.

கைக்கு நைட்ரைல் கையுறை கட்டாயம். எபாக்சி ஒருமுறை ஒவ்வாமை ஏற்படுத்திவிட்டால் பிறகு அருகே போனாலே தோல் அரிக்கும். வாகைத் தூள் தும்மலை நிற்கவிடாது, பாதி இறுகிய எபாக்சித் தூள் அதைவிட மோசம், ஆகவே துணிக்குப் பதில் என்95 முகக்கவசம். எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது வரும் சூடு சுருட்டலுக்குள் அடைபட்டு, தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடி போட்ட தகர டப்பாவில் அமுக்கி வையுங்கள்.